ஏழு புள்ளி ரெண்டு

டின் மடியிலேயே இருக்கட்டும் அக்கா, மேல வைக்க வேண்டாம். இந்த ரோட்டுக்கு மேல வச்சா உருண்டையெல்லாம் உடைஞ்சு மாவாப் போயிடும். நீங்க நல்லா தள்ளி உக்காருங்க. உங்க இடத்தையும் சேத்து நானே பிடிச்சுக்கிட்டிருக்கேன்.

வாசனை வருதா? கேழ்வரகு, எள்ளு, வெல்லம், கொஞ்சம் முருங்கைக்கீரைப் பொடி. அறுபது உருண்டை. ஒண்ணு நாப்பது கிராம். நாப்பதுன்னா நாப்பதேதான், தராசுல வச்சுத்தான் பிடிச்சேன். எங்க வீட்டுக்காரர் சிரிச்சார், சீர் கொண்டுபோற லட்டை உலகத்துல யாராவது எடை போடுவாங்களான்னு. எனக்கு வராதுக்கா, அளக்காம ஒண்ணைச் செஞ்சு பழக்கமே இல்லை. உங்களுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேன், ஆனா எண்ணி வச்சது. அறுபது பேருக்கு அறுபது. தப்பா நினைச்சுக்காதீங்க.

காதுகுத்துக்குப் போறேன். புளியங்கொட்டாய், இந்த பஸ் கடைசியா நிக்கிற ஊரு. சொந்தமான்னா, சொந்தமெல்லாம் இல்லை. ஆனா தாய்மாமன் இடத்துல நான்தான் உக்காரணும். என் மடியில வச்சுத்தான் குழந்தைக்குக் காது குத்தணும்னு முடிவு பண்ணிட்டாங்க. நீங்க சிரிக்கிறீங்க, நானும் போன்ல சிரிச்சேன். பொம்பளை எப்படிம்மா தாய்மாமன் ஆக முடியும்னு கேட்டேன். குழந்தையோட அம்மாவுக்குக் கூடப்பொறந்த ஆம்பளை இல்லை. பெரியப்பா பசங்க இருக்காங்க, ஆனா பேச்சுவார்த்தை கிடையாது. "கூடப்பொறந்தவன் இருந்திருந்தாலும் நீங்க பண்ணினதைப் பண்ணியிருக்க மாட்டான் மேடம்"னு சொல்லிட்டா. ஊர்ப் பெரியவங்களும் சரின்னுட்டாங்களாம். குழந்தைக்கு என் பேரைத்தான் வச்சிருக்காங்க. சுகிர்தா.

என்ன பண்ணினேன்னு கேக்கிறீங்களா? அவ உயிரைக் காப்பாத்தினேனாம்.

நீங்க தருமபுரியில ஏறினதுல இருந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு பேசாம வந்தீங்க பாருங்க, அதான் உங்ககிட்ட வாய் வருது. தெரிஞ்சவங்ககிட்ட வரமாட்டேங்குது. மூணு வருஷமா வரலை.

நான் அப்போ முனைவர் பட்டத்துக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன், ஊட்டச்சத்துத் துறையில. பொம்பளைங்களுக்கு ரத்தம் குறையுது இல்லையா, இந்த உருண்டையை தினம் ஒண்ணு ஆறு மாசம் குடுத்தா ரத்தம் ஊறுமான்னு பாக்கிறதுதான் என் ஆராய்ச்சி. அதுக்கு ரெண்டு ஊரு வேணும். ஒரு ஊருக்கு உருண்டை. இன்னொரு ஊருக்கு அது கிடையாது, சும்மா கீரை சாப்பிடுங்கன்னு ஒரு பேச்சு, கையில ஒரு நோட்டீஸ். அப்பத்தானே உருண்டையால ஆனதா தானா ஆனதான்னு தெரியும். எந்த ஊருக்கு எதுன்னு நாம முடிவு பண்ணக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும். அங்கன்வாடி சகுந்தலா டீச்சர் டிபன் பாக்ஸ்ல ரெண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினாங்க. பாறைக்கொட்டாய்க்கு உருண்டை விழுந்துச்சு. புளியங்கொட்டாய்க்கு நோட்டீஸ் விழுந்துச்சு.

பாறைக்கொட்டாய்ல நான் லட்டு மேடம். எட்டு கிலோமீட்டர் தள்ளி புளியங்கொட்டாய்ல ஊசி மேடம். ஒரே ஆளு, தோள்ல ஒரே பை. ஊசின்னா பெருசா ஒண்ணுமில்லை. விரல் நுனியில ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைச்சுட்டு அடுத்த சொட்டைச் சின்ன பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்ல ஏத்தி மிஷின்ல வச்சா நம்பர் வரும். பன்னிரண்டுக்கு மேல இருந்தா நல்ல ரத்தம். ஏழுக்குக் கீழ வந்தா அவங்களை ஆராய்ச்சியில சேக்கவே கூடாது, அன்னிக்கே சீட்டு எழுதிக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அந்த விதியை நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஊருக்கு அறுபது பேர் கணக்கு. பாறைக்கொட்டாய்ல லட்டுன்னதும் எண்பது பேர் வந்து நின்னாங்க. புளியங்கொட்டாய்ல என்னைக் கண்டா கதவைச் சாத்தினாங்க. "எங்க ரத்தத்தை எடுத்துக்கிட்டு காகிதம் குடுக்கறீங்களே, இதை வச்சு அடுப்புப் பத்த வைக்கட்டுமா"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நியாயம்தானே. ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கும் லட்டு உண்டு, கண்டிப்பா உண்டுன்னு சொன்னேன். அதுவும் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான். அதைச் சொல்லிச் சொல்லி வீடு வீடா ஏறி இறங்கி ஐம்பத்தொன்பது பேரைச் சேத்தேன்.

ஐம்பத்தொன்பதோட நின்னுபோச்சு. மிஷின் எங்களுது இல்லை, வேற துறையில இரவல் வாங்கினது. மறுநாள் காலையில திருப்பிக் குடுத்தாகணும். எனக்கு வழிகாட்டியா இருந்த பேராசிரியை போன்ல, "ஐம்பத்தொன்பதா? அறுபதுன்னு எழுதிக் குடுத்திருக்கோமே சுகிர்தா"ன்னாங்க. திட்டலை. அவங்க திட்டவே மாட்டாங்க, அப்படி ஒரு தடவை சொல்லிட்டு போனை வச்சிடுவாங்க. நான் அங்கன்வாடி வாசல்ல உக்காந்து போறவங்க வர்றவங்க மூஞ்சியையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்போதான் மாதேஸ்வரி வந்தா. சாமந்தித் தோட்டத்துல பூப்பறிச்சுட்டு நேரா வந்திருந்தா. மார்கழி மாசம், கையெல்லாம் பனியில நனைஞ்சு ஜில்லுன்னு இருந்துச்சு. இருபத்திரண்டு வயசு, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். "எனக்கும் பாருங்க மேடம். நம்பரு எவ்ளோன்னு வாயால சொல்லணும்"னு கையை நீட்டினா. எல்லாருக்குமே அந்த நம்பர் மேல ஒரு ஆசை. பக்கத்து வீட்டுக்காரியை விட ஒரு புள்ளி கூட வந்தா அன்னிக்கு முழுக்க அதே பேச்சுதான்.

குத்தினேன். சொட்டு வரலை, கை அவ்வளவு குளிர்ச்சி. விரலை அமுக்கி எடுத்தேன். அப்படி அமுக்கக் கூடாதுக்கா. அமுக்கினா ரத்தத்தோட உடம்பு நீரும் கலந்து நம்பர் குறைச்சலா காட்டும். நான் சொல்லலை, புத்தகத்துலேயே இருக்கு. மிஷின்ல ஆறு புள்ளி எட்டுன்னு வந்துச்சு.

நான் அவ கையைத் தேய்ச்சு சூடு பண்ணினேன். இன்னொரு விரல்ல குத்தினேன். புது ஸ்ட்ரிப் போட்டேன். ஏழு புள்ளி ரெண்டு.

ஏழு புள்ளி ரெண்டுன்னு எழுதினேன். அளந்ததைத்தான் எழுதினேன் அக்கா. இல்லாத நம்பரை நான் எழுதலை. முதல்ல வந்தது சரியா வந்ததில்லைன்னு எந்த நிபுணரைக் கேட்டாலும் சொல்வாங்க.

எனக்கு நானே அப்படித்தான் பல நாள் சொல்லிக்கிட்டேன்.

ஆனா பாருங்க, பாறைக்கொட்டாய்ல ஒருத்திக்கு ஆறு புள்ளி ஒன்பது வந்திருந்துச்சு. அவளுக்கும் விரலை அமுக்கித்தான் எடுத்தேன். மறுபடி குத்தலை. கையைத் தேய்க்கலை. சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, அடுத்த ஆள் வாங்கன்னு கூப்பிட்டேன். அங்கதான் எண்பது பேர் நின்னாங்களே. ரெண்டு ஊர்லயும் சேத்து எத்தனையோ விரலைக் குத்தினேன், எல்லாருக்கும் ஒரு தடவை. இவ ஒருத்திக்கு மட்டும்தான் ரெண்டு தடவை. முதல் தடவையே ஏழு புள்ளி ரெண்டு வந்திருந்தா நான் இன்னொரு விரலைத் தேடியிருப்பேனா? மாட்டேன். அதான் விஷயம். அதுல பொய் எங்க இருக்குன்னு விரலை வச்சுக் காட்ட முடியாது, ஆனா இருக்கு.

ஒரு ஸ்ட்ரிப் கூடுதலா செலவாயிருந்துச்சு. ஸ்டாக் நோட்டுல "ஒன்று சேதம்"னு எழுதினேன். பொய்னு பாத்தா அது ஒண்ணுதான்.

அவ போகலை, நின்னுக்கிட்டே இருந்தா. "எவ்ளோ மேடம்?" ஏழு புள்ளி ரெண்டும்மா. "ஏழுன்னா பாஸா மேடம்?" எனக்கு மனசெல்லாம் லேசாகிக் கிடந்துச்சு, அறுபது நிறைஞ்சிடுச்சே. "பாஸ்தாம்மா"ன்னேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாம இருந்திருக்கலாம். ஏழுங்கிறது பாஸ் இல்லைக்கா. ஏழுங்கிறது பன்னிரண்டுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆராய்ச்சியில சேக்கறதுக்கு அவ பாஸ், அவ்வளவுதான். அவளுக்கு அது எப்படித் தெரியும்? "பத்தாவது ஃபெயிலு மேடம் நானு. வாழ்க்கையில பாஸானது இதுதான்"னு சிரிச்சுக்கிட்டே மாமியார் ராஜம்மாகிட்ட சொல்லப் போனா.

மூணாம் மாசம் மறுபடி வீடு வீடா போனேன். நேத்து என்ன சாப்பிட்டீங்க, எத்தனை கரண்டி, எத்தனை டம்ளர்னு கேட்டு எழுதணும். மாதேஸ்வரி வீட்டுக்குள்ள இருந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கினா. முந்தானையில பச்சரிசி முடிஞ்சு வச்சிருந்தா, பேசிக்கிட்டே ஒவ்வொரு வாயா போட்டு மென்னுக்கிட்டிருந்தா. என்னம்மா இதுன்னேன். "என்னமோ மேடம், இது இல்லாம இருக்க முடியல. சாக்பீஸ் கூட ரெண்டு தின்னேன், டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னா.

ரத்தம் அடியோட குறைஞ்சா பச்சரிசி, சாக்பீஸ், மண்ணு இதெல்லாம் தின்னத் தோணும். முதல் வருஷப் பாடம் அக்கா அது. இன்னிக்கு சேலத்துல காலேஜ்ல பிள்ளைங்களுக்கு நான் நடத்தற பாடம். அன்னிக்கு நான் என்ன பண்ணினேன் தெரியுமா? முந்தானையை அவிழ்க்கச் சொல்லி அரிசியை என் தராசுல கொட்டி எடை போட்டேன். "பச்சரிசி, முப்பது கிராம்"னு எழுதினேன். அதுல எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு இரும்புச்சத்துன்னு கணக்குப் போட்டுப் பக்கத்துக் கட்டத்துல நிரப்பினேன். கட்டம் காலியா விட்டா எங்க பேராசிரியைக்குப் பிடிக்காது.

அந்த ஊருக்கு வர்ற கிராம நர்ஸ் ஃபிலோமினா டீக்கடையில என்னை நிறுத்தினாங்க. "அந்த மாதேஸ்வரிகிட்ட நீங்க என்ன சொன்னீங்க? சத்து மாத்திரை குடுத்தா வேண்டாங்கிறா. யுனிவர்சிட்டி மேடம் மிஷின்ல பாத்து பாஸ் போட்டுட்டாங்க, நீங்க ஏன் மாத்திரை குடுக்கறீங்கன்னு என்னையே கேக்கிறா. அந்த மாத்திரை தின்னா வயித்தைப் புரட்டும், அவளுக்கு ஒரு சாக்கு கிடைச்சுப்போச்சு"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலையேங்கன்னேன்.

ஆமா. அதையும் சேத்தா ரெண்டு பொய்.

அப்பவாவது போய் அவகிட்ட மாத்திரை சாப்பிடும்மான்னு சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பீங்க. எனக்கும் தோணுச்சு. ஆனா ஆராய்ச்சின்னு வந்துட்டா நோட்டீஸ் குடுத்த ஊர்ல நாம கூடுதலா ஒண்ணும் பண்ணக் கூடாது, பண்ணினா வித்தியாசம் தெரியாம போயிடும்னு ஒரு பாடம் இருக்கு. அந்தப் பாடத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேன். மாத்திரை சாப்பிடச் சொல்லக் கூடாதுன்னு எந்தப் பாடத்துலயும் இல்லை. அது எனக்கு நல்லாவே தெரியும். அவகிட்ட போய் "பாஸ் இல்லைம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு"ன்னு வாயைத் திறக்கணுமே, அதுக்குத்தான் பயந்தேன்.

வைகாசியில கடைசி சுற்று. அங்கன்வாடிக்கு மூணு படி. ராஜம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு அந்த மூணு படி ஏற மாதேஸ்வரிக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. உதடெல்லாம் வெளுத்துக் கிடந்துச்சு. குத்தினேன். அஞ்சு புள்ளி நாலு. இந்தத் தடவை மறுபடி குத்தலை.

சீட்டெல்லாம் எழுதிக்கிட்டு உக்காரலை, நானே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தணும்னாங்க. எனக்கும் அவளுக்கும் ஒரே வகை ரத்தம், ஒரு பாட்டில் நான் குடுத்தேன். மூணு நாள் அவ கட்டில் பக்கத்துலதான் இருந்தேன். அங்கதான் டாக்டர் கேட்டுத் தெரிஞ்சுது, நடுவுல ஒண்ணு தங்கி, ரெண்டாம் மாசமே பங்குனியில கலைஞ்சு, நிறைய ரத்தம் போயிருக்கு. வெளிய யாருக்கும் சொல்லலை. ரத்தம் குறைஞ்சதாலதான் கலைஞ்சுதுன்னு டாக்டர் சொல்லலை. அதனால இல்லைன்னும் சொல்லலை. "ஆரம்பத்துலேயே கூட்டிட்டு வந்திருந்தா ஊசியோட போயிருக்கும்மா, இவ்வளவு தூரம் வந்திருக்காது"ன்னு ராஜம்மாவைத்தான் திட்டினார். அந்தம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். வாங்கிக்க வேண்டிய திட்டை அவங்க வாங்கிக்கிட்டாங்க, நான் அவங்க முதுகைத் தடவிக் குடுத்தேன்.

அன்னியில இருந்து நான் அந்த வீட்டுக்குத் தெய்வம். ஊருக்கே அப்படித்தான்.

இன்னும் இருக்குக்கா. உங்க ஊர் வர இன்னும் நேரம் இருக்குல்ல?

ஆராய்ச்சி முடிஞ்சு ஹாஸ்டல் ரூம்ல கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டேன். ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் வந்துச்சு. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா லட்டு ஜெயிச்சதுன்னு எழுதற அளவுக்கு வந்துச்சு. சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லலை. அப்புறம் சாப்பிட்டுட்டு வந்து, ஏன்னு தெரியலை, மாதேஸ்வரி ஒருத்தியை மட்டும் எடுத்துட்டு மறுபடி போட்டுப் பாத்தேன். ஜெயிக்கலை. மறுபடி அவளைச் சேத்தேன், ஜெயிச்சுது. எடுத்தேன், ஜெயிக்கலை. அவ ரத்தம் அவ்வளவு தூரம் இறங்கினதாலதான் அந்த ஊர் மொத்தமும் கீழ இறங்கி, பாறைக்கொட்டாய் மேல தெரிஞ்சிருக்கு. அவ மூச்சு வாங்கினது, பச்சரிசி தின்னது, அந்தப் பங்குனி மாசம், எல்லாம் சேந்து என் லட்டை ஜெயிக்க வச்சிருக்கு. விதிப்படி பாத்தா முதல் நாளே அவ அந்தக் கணக்குல இருக்கக் கூடாதவ.

சேத்துத்தான் குடுத்தேன். என்னை வாய்மொழித் தேர்வுல கேள்வி கேக்க வந்தவர், நான் மாதேஸ்வரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன பக்கத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். ஆராய்ச்சியாளர்னா இப்படித்தான் மனுஷத்தன்மையோட இருக்கணும்னார். கை தட்டினாங்க. பட்டம் வந்துச்சு, சேலத்துல வேலை வந்துச்சு, கல்யாணமும் ஆச்சு. புளியங்கொட்டாய்க்குக் குடுக்கறேன்னு சொன்ன லட்டு மட்டும் போகலை. ஆராய்ச்சிக்கு ஒதுக்கினது தீர்ந்துபோச்சுன்னாங்க. எழுதறேன், கேக்கறேன்னு நானும் இருந்துட்டேன். இந்த டின்ல இருக்கிறது அதுதான். மூணு வருஷம் தள்ளிப் போகுது.

மாதேஸ்வரி மட்டும் விடலை. தீபாவளி, பொங்கலுக்கு போன் பண்ணுவா. மாத்திரை தவறாம சாப்பிடறேன் மேடம், நம்பரு பதினொண்ணு மேடம்னு சொல்வா. போன வருஷம் பொண்ணு பொறந்துச்சு, சுகப்பிரசவம். இப்போ பதினோராம் மாசம்.

போன செவ்வாய்க்கிழமை காதுகுத்துக்கு அழைக்கப் போன் பண்ணினா. நான் லீவு கிடைக்குமான்னு தெரியலை, வேலை இருக்குன்னு இழுத்தேன். போகாம இருந்துடணும்னுதான் பாத்தேன். அப்போ அவ சொன்னா. அப்படியே சொல்றேன் கேளுங்க. "மேடம், நீங்க நினைக்கிறீங்க எனக்குத் தெரியாதுன்னு. அன்னிக்கு மொதல்ல மிஷின்ல ஆறுன்னுதான் வந்துச்சு. நான் பாத்தேன். பத்தாவது ஃபெயிலுன்னாலும் நம்பரு படிக்கத் தெரியும்ல. நீங்க என் மூஞ்சியைப் பாத்தீங்க. அப்புறம் என் கையை எடுத்துத் தேய்ச்சு, இன்னொரு வாட்டி குத்தி, பாஸ் போட்டு வுட்டீங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு வாட்டிதான், எனக்கு மட்டும் ரெண்டு வாட்டி. எங்க வாத்தியாரு ஒரு மார்க்குல என்னை ஃபெயிலாக்கினாரு மேடம், போட்டிருக்கலாம், போடல. நீங்க போட்டீங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கும் ஒரு கூடப்பொறப்பு இருக்குதுன்னு."

பாத்துக்கோங்க அக்கா. ரத்தம் குடுத்ததுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில இருந்ததுக்கு இல்லை. அந்த ரெண்டாவது குத்துக்குத்தான் என்னைத் தாய்மாமன் ஆக்கியிருக்கா. வர்றேம்மான்னு சொல்லிட்டேன்.

சொல்லிடலாம்னுதான் கிளம்பினேன். என்னன்னு சொல்றது? உனக்காகக் குத்தலைம்மா, எனக்கு அறுபது வேணும்னு குத்தினேன்னு. அதைச் சொன்னா அவளுக்கு என்ன லாபம், என் பாரத்தை இறக்கி அவ தலையில வைக்கிற மாதிரிதானேன்னு ஒரு மனசு. சொல்லாம அந்தக் குழந்தையை மடியில வாங்கினா அது மூணாவது பொய்னு ஒரு மனசு. தருமபுரியில இருந்து ரெண்டும் மாறி மாறி வருது. நேத்து ராஜம்மா வேற பேசினாங்க. "மேடம், மொதக் காது குத்தறப்ப கொழந்தைக்கு ஒண்ணுமே தெரியாது, திருதிருன்னு முழிக்கும். ரெண்டாவது காதுக்குத்தான் தெரிஞ்சுபோயி தெமிறும். அப்பத்தான் தாய்மாமன் கெட்டியா புடிச்சுக்கணும். மனசு எரங்கி வுட்டுடக் கூடாது. நீங்க வுட மாட்டீங்க, உங்களுக்குத்தான் பழக்கமாச்சே"ன்னாங்க. அந்தம்மா வெள்ளந்தியாத்தான் சொன்னாங்க.

உங்க ஸ்டாப்பா? அதுக்குள்ள வந்துடுச்சா. இருங்க, இருங்க, இந்த டின்னைக் கொஞ்சம் பிடிங்க. மூடி இறுக்கமா இருக்கு. இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கோங்க. கணக்கு தெரியும்க்கா, நானே எண்ணி வச்சதுதானே, இப்போ ஐம்பத்தொன்பது ஆயிடும். ஆகட்டும். அன்னிக்கு ஐம்பத்தொன்பதுன்னு எழுதிக் குடுத்திருந்தா என்ன குடி முழுகியிருக்கும்? ஒரு பொண்ணு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

ஐம்பத்தொன்பது பேருக்கு லட்டு. அறுபதாவது ஆளு மாதேஸ்வரி. அவளுக்குக் குடுக்க வேண்டியது வேற, அது டின்ல இல்லை. குழந்தையை மடியில வாங்கறதுக்கு முன்னாடி குடுத்துடறேன். அப்புறமும் உக்காரச் சொன்னா உக்காருறேன்.

பாத்து இறங்குங்க, பள்ளம் இருக்கு.